கீபாஸ் ஃபைலுக்கு பேக்கப்: எடுப்பது எளிது, திறப்பதுதான் வேலை

"எல்லாம்தான் சிங்க் ஆகிக்கொண்டே இருக்கிறதே, தனியாக எதற்கு பேக்கப்?" பாஸ்வேர்ட் மேனேஜர் வைத்திருப்பவர்களிடம் பேச்செடுத்தால் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். ஓரிடத்தில் நடந்ததை மற்ற எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது சிங்க்கின் வேலை. நீங்கள் கை தவறி ஒரு குரூப்பையே அழித்தால், அந்த அழிப்பையும் அதே வேகத்தில் போன், லேப்டாப், டேப்லெட் என்று எல்லாவற்றிலும் சேர்த்துவிடும். நேற்று இருந்தது நேற்று இருந்தபடியே, யாரும் தொடாமல் ஓரிடத்தில் கிடந்தால்தான் அது பேக்கப்.

அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நான். அதனால் சொந்தபந்தம், நண்பர்கள் எல்லோருடைய பாஸ்வேர்ட் சிக்கலும் கடைசியில் என்னிடம் வந்து நிற்கும். வருகிறவர்களில் நகலே இல்லாதவர்கள் குறைவுதான். நகல் இருக்கும், திறக்க முடியாது. இதுதான் அதிகம். ஃபைல் கூகுள் டிரைவில் பத்திரமாக இருக்கும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்ட் அந்த ஃபைலுக்குள் இருக்கும். கணக்கில் நுழையக் கேட்கும் ஓடிபி, தொலைந்துபோன போனில் இருக்கும். பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. ஆகவே ஃபைலைக் காப்பி செய்வதைவிட, அதைத் திறக்க என்னென்ன வேண்டும் என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

எதை நகல் எடுக்க வேண்டும்

நான் பயன்படுத்தும் பாஸ்வேர்ட் மேனேஜர் கீபாஸ்எக்ஸ்சி. கீபாஸ் வகையறாவின் பெரிய வசதி, எல்லாமே கேடிபிஎக்ஸ் என்ற ஒரே ஃபைலுக்குள் இருப்பது. லேப்டாப்பில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் ஸ்ட்ராங்பாக்ஸ் அல்லது கீபாஸியம் என்று எதை வைத்திருந்தாலும் படிப்பது அந்த ஃபைலைத்தான். பாஸ்வேர்டுகள் மட்டுமல்ல, ஒவ்வொரு பதிவின் பழைய பாஸ்வேர்டுகள், இணைத்து வைத்த ஸ்கேன்கள், ஆறு இலக்க ஓடிபியை உருவாக்கும் ரகசியம், 2024-இல் வந்த 2.7.7 பதிப்பிலிருந்து பாஸ்கீகள் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உள்நுழைய உதவும் சாவிகள்) எல்லாம் அதற்குள்தான். ஹார்டு டிஸ்க்கில் அது எப்போதும் பூட்டிய நிலையிலேயே இருப்பதால், சும்மா காப்பி செய்தாலே பேக்கப் ஆகிவிடும்.

எக்ஸ்போர்ட் செய்து சிஎஸ்வி ஃபைலாக வைத்துக்கொள்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டாம். சிஎஸ்வியில் இணைப்புகள் வராது, பழைய வரலாறு வராது. அதைவிட மோசம், அத்தனை பாஸ்வேர்டும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மேகத்துக்கு (கிளவுட்) சிங்க் ஆகிற கணினியாக இருந்தால் முடிந்தது கதை. அழித்துவிட்டேன் என்றாலும் எஸ்எஸ்டி டிரைவில் அழித்த இடத்தின் மேல் உடனே வேறு எதுவும் எழுதப்படும் என்று சொல்ல முடியாது.

ஃபைலுக்கு வெளியே இரண்டு பொருட்கள் இருக்கக்கூடும். முதலாவது கீ ஃபைல். எல்லாவற்றையும் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டோடு, கூடுதல் சாவியாக ஒரு கீ ஃபைலும் வைத்திருந்தால், அதில் ஒரு பிட் மாறினாலும் டேட்டாபேஸ், அதாவது அந்தக் கேடிபிஎக்ஸ் ஃபைல், திறக்காது. பிடித்த புகைப்படம் ஒன்றை கீ ஃபைலாக வைக்கலாமே என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பித் திரும்ப வாங்கினால் அந்தப் படம் சுருக்கப்பட்டு வேறு ஃபைலாகிவிடும், கண்ணுக்கு மட்டும் அதே படமாகத் தெரியும். செயலியே உருவாக்கித் தரும் கீஎக்ஸ் வகை கீ ஃபைல்தான் சரி. அதை நோட்பேடில் திறந்து பாருங்கள்: உள்ளே எட்டெட்டு எழுத்துகளாகப் பிரித்த 64 எழுத்துகளும், அவை சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க ஒரு சின்னக் குறியீடும் இருக்கும். அவ்வளவுதான். ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துவிடலாம். தேவைப்படும் நாளில் பார்த்துத் தட்டச்சு செய்தும் ஃபைலை உயிர்ப்பிக்கலாம்.

இரண்டாவது யூபிகீ போன்ற வன்பொருள் சாவி. அதற்குள் ஏற்றிய ரகசியத்தை அதிலிருந்து திரும்ப வெளியே எடுக்க முடியாது. ஏற்றும்போதே அந்த ரகசியத்தை எழுதிக்கொண்டு, இன்னொரு சாவியிலும் அதையே ஏற்றி வைக்க வேண்டும். ஒரே ஒரு யூபிகீயை நம்பி டேட்டாபேஸைப் பூட்டியிருந்தால், மீதிக் கட்டுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் இதைச் சரி செய்யுங்கள்.

செயலியே எடுக்கும் நகல்

கீபாஸ்எக்ஸ்சியில் டூல்ஸ் மெனுவில் செட்டிங்ஸ், அதில் ஜெனரல், அதற்குள் ஃபைல் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போனால், சேவ் செய்வதற்கு முன் டேட்டாபேஸை பேக்கப் எடு என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எதையும் மாற்றாமல் விட்டால் அது 'ஓல்டு' என்ற சொல்லைப் பெயரில் சேர்த்து ஒரே ஒரு நகலைத்தான் வைத்திருக்கும்; ஒவ்வொரு சேவுக்கும் அதே நகல் மாறும். ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சேவ் செய்யும் வசதியையும் போட்டிருந்தீர்கள் என்றால், அந்தப் பழைய நகல் வெறும் ஒரு மாற்றம்தான் பழையது. செவ்வாய்க்கிழமை அழித்ததை வெள்ளிக்கிழமை கவனித்தால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

டிக் பெட்டிக்குக் கீழேயே நகலின் இடத்தையும் பெயரையும் மாற்றலாம். பெயரில் டைம் என்ற குறியைச் சேர்த்தால் ஒவ்வொரு நகலும் தேதி நேரத்தோடு தனித்தனி ஃபைலாக விழும். 2.7 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. நான் இதை வேறொரு ஃபோல்டருக்குத் திருப்பி விட்டிருக்கிறேன். சிங்க் ஆகும் ஃபோல்டருக்குள் விழாதபடி பார்த்துக்கொண்டேன். ஸ்கேன் எதுவும் இணைக்காத ஃபைல் சில நூறு கேபிதான் வரும் என்பதால் குவிந்தாலும் இடம் ஒரு பொருட்டே இல்லை. அவ்வப்போது பழையதைக் கழித்துக்கட்டினால் போதும்.

கூகுள் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ ஃபைலை வைத்திருப்பவர்களுக்குத் தெரியாமலேயே இன்னொரு அடுக்கும் இருக்கிறது: பழைய பதிப்புகள். கூகுள் டிரைவ் இந்த மாதிரி ஃபைலின் முந்தைய பதிப்புகளை 30 நாள் அல்லது 100 பதிப்புகள் வரை வைத்திருக்கும். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கிலும் 30 நாள். அவசரத்துக்கு உதவும். ஆனால் கணக்கே பறிபோனால் அதுவும் சேர்ந்தே போகும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பென்டிரைவில் எடுப்பது

மாதம் ஒருமுறை கையால் எடுப்பது. இதில்தான் ஒரு பொறி இருக்கிறது. டேட்டாபேஸ் மெனுவில் 'சேவ் டேட்டாபேஸ் ஆஸ்', 'சேவ் டேட்டாபேஸ் பேக்கப்' என்று இரண்டு இருக்கும். முதலாவதை அழுத்திப் பென்டிரைவில் சேமித்தால், அந்த நொடியிலிருந்து செயலி திறந்து வைத்திருப்பது பென்டிரைவில் உள்ள ஃபைலைத்தான். அதற்குப் பிறகு நீங்கள் மாற்றும் பாஸ்வேர்டுகள் எல்லாம் அங்கே போய் விழும். லேப்டாப்பில் இருப்பது அப்படியே பழசாக நிற்கும். பென்டிரைவைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு, புது பாஸ்வேர்ட் எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். இரண்டாவதை அழுத்தினால் நகல் மட்டும் அங்கே போகும், நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள்.

ஃபைல் மேனேஜரில் காப்பி பேஸ்ட் செய்வதும் சரிதான். முதலில் டேபில் ஃபைல் பெயரோடு நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேவ் ஆகாத மாற்றம் இருக்கிறது. சேவ் செய்யாமல் காப்பி எடுத்தால் அது நகலில் இருக்காது. மேகத்தில் மட்டுமே ஃபைல் இருந்து, கணினியில் வெறும் பெயர் மட்டும் தெரிகிற ஏற்பாடும் சிலரிடம் உண்டு. அப்படியானால் அந்த ஃபைலை எப்போதும் இந்தக் கணினியிலேயே வைத்திரு என்று மாற்றிவிடுங்கள், நெட் இல்லாத நாளில்தான் அது தேவைப்படும்.

பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசையாகிவிடும். காப்பி ஆன ஃபைலின் உள் தேதியை நம்பாதீர்கள், சில கருவிகள் காப்பி செய்த நாளையே தேதியாகப் போட்டுவிடும்.

பென்டிரைவ் இரண்டு வேண்டும், மாற்றி மாற்றி. ஒன்று போனாலும் போன மாதத்தது இன்னொன்றில் இருக்கும். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் படிக்கும். வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் போட்டு வைத்தால் பென்டிரைவ் மறந்துபோகும், தகவல் அரித்துப் போகலாம். மாற்றி மாற்றி எழுதுவதால் அந்தப் பிரச்சினையும் தானாகத் தீர்கிறது. நகலோடு கீபாஸ்எக்ஸ்சியின் போர்ட்டபிள் பதிப்பையும் அதிலேயே போட்டு வைத்திருக்கிறேன். முன்பின் தெரியாத கணினியில், இணையம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து திறக்க வேண்டி வந்தால் அது இருப்பது நல்லது.

மூன்றாவது நகல் ஒன்று என் அண்ணன் வீட்டில் இருக்கிறது. தீ, வெள்ளம், திருட்டு எதுவானாலும் ஒரே கூரையின் கீழ் எல்லாம் போகக்கூடாது. "உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். "பாருங்கண்ணே, திறந்தால் சொல்லுங்கள்" என்றேன். விளையாட்டுக்குச் சொன்னாலும் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: மாஸ்டர் பாஸ்வேர்ட் உறுதியாக இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரில் நடந்தது இதற்கு நல்ல பாடம். திருடர்கள் எடுத்துக்கொண்டு போனது வாடிக்கையாளர்களின் பெட்டகங்களுடைய பேக்கப் நகல்களை. திருட்டுக்குப் பிறகு பாஸ்வேர்டை மாற்றியவர்களுக்கு அது புதிய பெட்டகத்துக்குத்தான் உதவியது. எடுத்துக்கொண்டு போன நகல் பழைய பாஸ்வேர்டோடுதான் இருக்கிறது. நம் நகல்களுக்கும் அதே கணக்குதான். இன்று மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றினால் பென்டிரைவில் தூங்கும் பழைய ஃபைல்கள் மாறாது. பழைய பாஸ்வேர்டை யாரோ பார்த்துவிட்டார்கள் என்பதால் மாற்றினீர்கள் என்றால், பழைய நகல் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து அழித்துவிட்டு அன்றே புதிய நகல் எடுங்கள். சும்மா ஒரு மாறுதலுக்கு மாற்றினீர்கள் என்றால், பழைய பாஸ்வேர்டையும் எந்தத் தேதி வரை அது செல்லும் என்பதையும் எங்காவது எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து அந்த நகல் தேவைப்படும்போது, விரல்கள் புதியதைத்தான் அடிக்கும்.

பிட்வார்டன் வைத்திருப்பவர்களுக்கு

பிட்வார்டன் இன்னொரு பாஸ்வேர்ட் மேனேஜர். அதில் ஃபைல் உங்கள் கையில் இல்லை, எக்ஸ்போர்ட் செய்துதான் எடுக்க வேண்டும். ஜேசன் என்ற ஃபைல் வடிவத்தில் எடுங்கள். சிஎஸ்வியில் லாகின்களும் குறிப்புகளும் மட்டும்தான் வரும், கார்டுகள், முகவரிகள் வராது. ஜேசனை என்கிரிப்ட் செய்து, அதாவது பூட்டித் தரும் வழியில் இரண்டு வகை கேட்கும். கணக்கோடு கட்டிய வகையை எடுத்தால் அதே கணக்கில் மட்டும்தான் திரும்ப ஏற்ற முடியும். கணக்கின் என்கிரிப்ஷன் சாவியைப் புதிதாக மாற்றினாலும், கணக்கையே இழந்தாலும் அந்த ஃபைல் வெறும் குப்பை. தனி பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டும் வகையை எடுங்கள். குப்பைத் தொட்டியில் இருப்பவை எக்ஸ்போர்ட்டில் வராது. இணைப்புகளும் ஜேசனுக்குள் வராது, அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். கீபாஸ்எக்ஸ்சி 2.7.7-இலிருந்து பிட்வார்டன் ஜேசனை நேரடியாக உள்ளே எடுத்துக்கொள்கிறது. அதை ஒரு கேடிபிஎக்ஸ் ஃபைலாக மாற்றி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே திறக்கும் நகல் கிடைத்தது.

பிட்வார்டன் செயலிகளுக்கான சர்வரான வால்ட்வார்டனைச் சொந்தமாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தகவல்கள் இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைலை மட்டும் காப்பி செய்யாதீர்கள். கடைசி மாற்றங்கள் பக்கத்தில் இருக்கும் வால் (WAL) என்ற துணை ஃபைலில் காத்திருக்கலாம். எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அல்லது சேவையை நிறுத்திவிட்டு முழு டேட்டா ஃபோல்டரையும் எடுங்கள், இணைப்புகள் ஃபோல்டரோடு. மீட்கும்போது பழைய வால் ஃபைல் அங்கே கிடந்தால் முதலில் அதை அகற்றிவிட்டுத்தான் நகலை வைக்க வேண்டும்.

தாள்

மாஸ்டர் பாஸ்வேர்டை எழுதி வைக்கக்கூடாது என்று சொல்லியே எல்லோரையும் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அலுவலக மானிட்டரில் மஞ்சள் தாளில் ஒட்டி வைப்பதற்குத்தான் அது பொருந்தும். உறையில் போட்டு, மூடி, மற்ற முக்கிய ஆவணங்களோடு வைக்கும் தாளை இணையத்திலிருந்து யாரும் திருட முடியாது. மறதி எல்லோருக்கும் வரும். உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் படுத்தாலே விரல் மறந்துவிடும். கைரேகை வைத்தே திறந்து பழகியவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

என் தாளில் இருப்பவை: மாஸ்டர் பாஸ்வேர்ட், பெரிய எழுத்து எது சிறிய எழுத்து எது என்று தெளிவாக, பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும் வித்தியாசம் தெரியும்படி பூஜ்யத்தில் ஒரு கோடு. கீ ஃபைலின் 64 எழுத்துகள். ஃபைல் எங்கெங்கே இருக்கிறது, எந்தச் செயலியில் திறக்க வேண்டும் என்று இரண்டு வரி. முக்கிய மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்ட், அதன் ஒருமுறை மீட்புக் குறியீடுகள். மேகக் கணக்கின் மீட்புக் குறியீடுகளும் அப்படியே. கடைசி மூன்றும்தான் பெரும்பாலோர் விட்டுவிடுவது, சாவி பீரோவுக்குள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

தாளும் பென்டிரைவும் ஒரே உறையில் இருக்கக்கூடாது. அண்ணனிடம் பென்டிரைவ் இருக்கிறது, தாள் இல்லை. தாள் எங்கே என்பது என் மனைவிக்குத் தெரியும். இருவரும் சேர்ந்தால் திறக்கலாம், ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. நான் இல்லாத நாளில் என்ன செய்வது என்பதற்கும் அதுவே விடை.

ஒத்திகை

நகல் எடுத்த அன்றே ஒருமுறை, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வழக்கமாகத் திறக்கும் கணினியில் திறந்தால் அது சோதனையே ஆகாது. கீ ஃபைல் எங்கே இருக்கிறது என்று செயலிக்கு அங்கே ஏற்கெனவே தெரியும், கைரேகையும் வேலை செய்யும். வேறொரு கணினி, அல்லது அதே கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு. இணையத்தைத் துண்டியுங்கள். கையில் பென்டிரைவும் தாளும் மட்டும். தாளைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தட்டுங்கள், நினைவிலிருந்து அடிக்காதீர்கள், சோதிக்கப்படுவது தாள்தான்.

திறந்ததும் டேட்டாபேஸ் ரிப்போர்ட்ஸ் போய்ப் புள்ளிவிவரப் பக்கத்தில் எத்தனை பதிவு என்று பாருங்கள், அசலோடு ஒப்பிடுங்கள். கடைசியாக மாற்றிய பதிவு இருக்கிறதா, அதில் இருக்கும் பாஸ்வேர்ட் புதியதுதானா, இணைத்த ஒரு ஸ்கேன் உண்மையில் திறக்கிறதா, ஒரு ஓடிபி உங்கள் போனில் வருவதோடு ஒத்துப்போகிறதா. இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. ஓடிபி மட்டும் ஒத்துவரவில்லை என்றால் முதலில் அந்தக் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்.

போனிலும் ஒருமுறை திறந்து பாருங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டைச் சாவியாக மாற்றும் ஆர்கான்2 என்ற கணக்குமுறைக்கு ஒதுக்கும் நினைவகத்தை ஜிபி கணக்கில் ஏற்றி வைத்திருப்பவர்களின் ஃபைல் லேப்டாப்பில் திறக்கும், பழைய போனில் திறக்காது. இருக்கும் கருவிகளிலேயே பலவீனமான கருவியில் திறந்தால்தான் கணக்கு.

மீட்கும் நாள்

ஏதோ தவறாகிவிட்டது என்று தெரிந்ததும் முதல் வேலை, எதையும் சேவ் செய்யாமல் இருப்பது. இரண்டாவது, எல்லாக் கருவிகளிலும் சிங்க்கை நிறுத்துவது. போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். கெட்டுப்போன ஃபைல் இன்னும் போன் வரை வந்து சேராமல் இருக்கலாம், அப்படியானால் மிகப் புதிய நகல் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பிட்வார்டன் ஆட்களும் இதையே செய்யுங்கள். லாக் அவுட் மட்டும் ஆகிவிடாதீர்கள், செயலியில் இருக்கும் உள்நகல் அதோடு போய்விடும். பழுதான ஃபைலை அழிக்க வேண்டாம், பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள்.

அப்புறம் என்ன ஆனது என்று பார்க்கலாம்.

ஒரே ஒரு பதிவில்தான் தவறு என்றால் நகல் பக்கமே போக வேண்டாம். பதிவைத் திறந்தால் ஹிஸ்டரி பகுதியில் பழைய வடிவங்கள் வரிசையாக இருக்கும், செட்டிங்கை மாற்றாமல் விட்டிருந்தால் 10 வரை. வேண்டியதைத் தேர்ந்தெடுத்து மீட்டுக்கொள்ளலாம். அழித்துவிட்டீர்கள் என்றால் ரீசைக்கிள் பின் குரூப்பைப் பாருங்கள். என்னிடம் பதறிக்கொண்டு வருகிற பலருடைய பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

ஃபைலே திறக்கவில்லை, எச்மேக் (ஃபைலைச் சரிபார்க்கும் குறியீடு) பொருந்தவில்லை என்று செய்தி வருகிறது. அந்தச் செய்தி தவறான பாஸ்வேர்டுக்கும் வரும், கெட்டுப்போன ஃபைலுக்கும் வரும். எது என்று பிரித்துப் பார்க்க நான் செய்வது இது: போன மாதப் பென்டிரைவ் நகலைக் காப்பி செய்து, அதை அதே பாஸ்வேர்டால் திறந்து பார்ப்பேன். திறந்தால் பாஸ்வேர்ட் சரி, ஃபைல்தான் கெட்டிருக்கிறது. அதுவும் திறக்கவில்லை என்றால், இடையில் பாஸ்வேர்டை மாற்றவில்லை என்ற பட்சத்தில், தட்டுவதில்தான் கோளாறு. கேப்ஸ் லாக், கீ ஃபைலைத் தேர்ந்தெடுக்க மறந்தது, போன் கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிதாக்கியது, கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளி. நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: தமிழ் கீபோர்டு ஆனில் இருக்கும், புள்ளிகளாகத் தெரிவதால் உள்ளே விழுவது தமிழ் எழுத்து என்பதே தெரியாது. கண் படத்தை அழுத்திப் பாஸ்வேர்டைக் காட்டச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். ஃபைலின் அளவையும் ஒரு பார்வை பாருங்கள். பூஜ்யம் என்றோ வழக்கமான அளவில் பாதி என்றோ காட்டினால் எழுதும்போது பாதியில் நின்றிருக்கிறது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஃபைல் திறக்கிறது, ஆனால் சில பதிவுகள் இல்லை. அல்லது கான்ஃபிளிக்ட் என்ற பெயரோடு இரண்டாவது ஃபைல் ஒன்று முளைத்திருக்கிறது. இரண்டு பேர் ஒரே ஃபைலைப் பயன்படுத்தும் வீடுகளில் இது சகஜம். ஒருவர் போனில் ஒரு பாஸ்வேர்டை மாற்றியிருப்பார், அது சிங்க் ஆவதற்குள் மற்றவர் லேப்டாப்பில் வேறொன்றை மாற்றியிருப்பார். சிங்க்திங் என்ற சிங்க் செயலி எதையும் தூக்கிப் போடாமல், ஒன்றை சிங்க்-கான்ஃபிளிக்ட் என்று பெயரிட்டுப் பக்கத்தில் வைத்துவிடும். எது புதியது என்று பார்த்து மற்றதை அழிப்பவர்கள் ஒருவருடைய மாற்றத்தை இழப்பார்கள். டேட்டாபேஸ் மெனுவில் 'மெர்ஜ் ஃப்ரம் டேட்டாபேஸ்' என்று ஒன்று இருக்கிறது. முதன்மை ஃபைலைத் திறந்துகொண்டு அதன் வழியாக மற்றதைச் சேருங்கள். ஒவ்வொரு பதிவிலும் கடைசியாக மாற்றியது எதுவோ அது மேலே நிற்கும், மற்றது ஹிஸ்டரிக்குள் போகும். கடைசியாக மாற்றியது எது என்பதைக் கருவியின் கடிகாரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஒரு கருவியில் தேதி தவறாக இருந்தால் பழையது ஜெயித்துவிடும். மெர்ஜ் ஆன பிறகு இரண்டு மாற்றமும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் கான்ஃபிளிக்ட் ஃபைலை நகர்த்துங்கள்.

நிரந்தரமாக அழித்த பதிவுகளைத் திரும்பக் கொண்டுவர இதே வழி எப்போதும் உதவாது. இந்த வகையின் மூலச் செயலியான கீபாஸ் 2-இல் சிங்க்ரனைஸ் செய்தால் அழித்ததும் ஒரு மாற்றமாகவே கணக்கில் வரும். பதிவைவிட அழிப்பு பிந்தியது என்பதால் அது அழிந்தபடியே இருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் நகலைத் தனியாக இன்னொரு டேபில் திறந்து, வேண்டியதைக் கையால் எடுத்து எழுதுவதே மேல்.

முழு ஃபைலையும் நகலிலிருந்து மாற்ற வேண்டும் என்று முடிவானால், பென்டிரைவில் இருப்பதை நேரடியாகத் திறக்காதீர்கள். கணினிக்குக் காப்பி செய்து, பென்டிரைவைக் கழற்றிவிட்டு, காப்பியைத் திறந்து சரிபாருங்கள். சரியென்றால் பழைய ஃபைலின் அதே பெயரைக் கொடுத்து சிங்க் ஃபோல்டரில் வையுங்கள். ஒரு கருவியில் மட்டும் சிங்க்கைப் போட்டு, மேகத்தில் புதிய ஃபைல் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்ட பிறகுதான் அடுத்த கருவி. போனில் செயலி பழைய ஃபைலைத் திறந்தபடியே வைத்திருந்தால் முழுவதும் மூடிவிட்டுத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தன்னிடம் இருப்பதை மறுபடி மேலே எழுதிவிடும். பிரவுசர் நீட்டிப்புடனான இணைப்புத் தகவலும் டேட்டாபேஸுக்குள்தான் இருக்கிறது. அந்த இணைப்புக்கு முந்தைய நகலை மீட்டிருந்தால் நீட்டிப்பை மறுபடி இணைக்கச் சொல்லிக் கேட்கும், பயப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, நகல் எடுத்த நாளுக்கும் இன்றைக்கும் இடையில் மாறிய பாஸ்வேர்டுகள். இவை நகலில் இருக்காது. மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து, பாஸ்வேர்ட் மாற்றப்பட்டது, புதிய கணக்குக்கு வரவேற்கிறோம் என்ற மாதிரி அறிவிப்புகளை அந்தத் தேதியிலிருந்து தேடுங்கள். எந்தெந்தத் தளம் என்று பட்டியல் கிடைத்துவிடும். ஒவ்வொன்றாகப் போய் ரீசெட் செய்து, அப்போதைக்கப்போதே பதிந்துகொண்டே வாருங்கள். பாஸ்கீயை மட்டுமே வைத்துத் திறக்கிற கணக்கு அந்த இடைவெளியில் உருவாக்கியிருந்தால் ரீசெட் வேலைக்காகாது, அந்தத் தளத்தின் கணக்கு மீட்பு வழியில்தான் போக வேண்டும். பட்டியல் முடிந்ததும் புதிதாக ஒரு நகல் எடுங்கள். ஓரமாக வைத்த பழுதான ஃபைலை மேலும் ஒரு மாதம் விட்டுவைத்து, எதுவும் விடுபடவில்லை என்று தெரிந்த பிறகு அழித்துவிடலாம்.